எல்லை வாஷிங்டனுடையது, சிறைச் சாவி கவுண்டியுடையது

கேள்வி: அமெரிக்காவில் குடிவரவு முழுக்க முழுக்க மத்திய அரசின் அதிகாரம் என்கிறார்கள். அப்படியிருக்க, ஒரு சாதாரணக் குடிமகன் தன் ஊரில் மனு எழுதியும் கூட்டத்தில் பேசியும் சட்டவிரோதக் குடியேற்றம் பற்றிய கொள்கையில் எதையாவது மாற்ற முடியுமா? அல்லது எல்லாம் வெறும் சத்தம்தானா?

பதில்:

யாரை நாட்டுக்குள் விடுவது, யாரைத் திருப்பி அனுப்புவது என்பதை எந்த ஊராலும் தீர்மானிக்க முடியாது. அது வாஷிங்டன் வேலை. ஆனால் அந்த வேலையைச் செய்ய வாஷிங்டனிடம் ஆள் போதாது. 2025க்கு முன்பு நாடு முழுவதற்கும் இருந்த நாடுகடத்தல் அதிகாரிகள் சுமார் 6,000 பேர்தான். ஆவணமின்றி வாழ்பவர்களோ ஒரு கோடிக்கும் மேல். ஆகவே மத்திய அரசு உள்ளூர்ச் சிறையையும் உள்ளூர்க் காவலரையும் நம்பித்தான் காலம் தள்ளுகிறது. யாருக்குத் தொழில் உரிமம், யாருக்கு ஓட்டுநர் உரிமம் என்பது மாநிலத்தின் கையில். இவை அனைத்தும் வாக்காளர் எட்டிப் பிடிக்கக்கூடிய தூரத்தில் இருப்பவை. எனவே உங்கள் கேள்விக்கு என் விடை: முடியும், கைவைக்கும் இடம் சரியாக இருந்தால். பலர் தவறான இடத்தில் கைவைத்து, பத்து வருடம் வழக்காடி, கடைசியில் ஊர்ப் பணத்தைக் கரைத்திருக்கிறார்கள்.

தவறான இடம் என்று நான் சொல்வது வாடகை வீடு. அதற்கு நெப்ராஸ்கா மாநிலத்து ஃப்ரீமாண்ட்டை விடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது. ஒமாஹாவுக்கு வடமேற்கே, ஏறத்தாழ 26,000 பேர் வாழும் ஊர் அது. 1990இல் அங்கே ஹிஸ்பானியர், அதாவது ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வம்சாவளியினர், இருநூறு பேர்கூட இல்லை. 2010இல் மக்கள்தொகையில் பன்னிரண்டு விழுக்காடு. காரணம் எளிது: இறைச்சி ஆலைகள். டப்பாவில் அடைத்த ஸ்பாம் இறைச்சியைத் தயாரிக்கும் ஹார்மெல் நிறுவனத்தின் பன்றி ஆலை அப்போது ஊரின் ஓரத்தில் இருந்தது. வெட்டுமேடையில் நாள் முழுக்க நிற்கும் அந்த வேலைக்கு உள்ளூர் இளைஞர்கள் வருவது குறைந்துபோக, மெக்சிகோவிலிருந்தும் குவாத்தமாலாவிலிருந்தும் வந்தவர்கள் அந்த இடத்தை நிரப்பினார்கள். அவர்களில் ஆவணம் உள்ளவரும் உண்டு, இல்லாதவரும் உண்டு. யார் எவர் என்று ஊராருக்குத் தெரியாது. கசப்பு பாதி அங்கேதான் பிறந்தது.

2008 கோடையில் நகர மன்றத்தில் ஒரு தீர்மானம் வந்தது. ஆவணமற்றோருக்கு வீடு வாடகைக்கு விடக்கூடாது, வேலை தரக்கூடாது. மன்ற உறுப்பினர்கள் நாலுக்கு நாலு என்று பிளந்து நின்றார்கள். மேயர் எதிர்த்து வாக்களித்துத் தீர்மானத்தை வீழ்த்தினார். இது மத்திய அரசின் விவகாரம், நம்முடையதல்ல என்பது அவர் வாதம்.

நம் ஊராக இருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். நெப்ராஸ்காவில் முடியவில்லை. அங்கே நகர மன்றம் மறுத்த சட்டத்தை மக்களே கையெழுத்துத் திரட்டி நேரடி வாக்கெடுப்புக்குக் கொண்டுவர முடியும். ஊர்வாசிகள் மூவர் மனுதாரர்களாக நின்றார்கள். மூவரும் கட்சித் தலைவர்கள் அல்லர், பணக்காரரும் அல்லர். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் சேர்ந்தன. நகர நிர்வாகம் அந்த மனுவைத் தடுக்க நீதிமன்றம் போனது. தன் சொந்தக் குடிமக்கள் மீது நகரமே தொடுத்த அந்த வழக்கில், 2010 ஏப்ரலில் மாநில உச்ச நீதிமன்றம் குடிமக்கள் பக்கம் நின்றது. முதலில் மக்கள் வாக்களிக்கட்டும், சட்டம் செல்லுமா என்பதைப் பிறகு பார்க்கலாம் என்பதே தீர்ப்பின் சாரம். 2010 ஜூன் 21 அன்று நடந்த வாக்கெடுப்பில் 57 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள்.

சட்டத்துக்கு எதிராக உடனே வழக்கு. வழக்குச் செலவுக்கென்று நகர மன்றம் சொத்துவரியை உயர்த்தியது. 2012இல் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் வாடகைப் பகுதியின் முக்கியமான பாகங்களை அடித்துவிட்டது. 2013 ஜூனில் எட்டாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் (பல மாநிலங்கள் சேர்ந்ததே ஒரு வட்டம்) இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அவற்றை உயிர்ப்பித்தது. இதற்குள் மத்திய அரசின் வீட்டுவசதி மானியங்கள் போய்விடும் என்ற பயம் எழுந்தது. வாடகைப் பகுதியை நீக்கிவிடலாமா என்று 2014 பிப்ரவரியில் மறுபடியும் மக்களிடமே கேட்டார்கள். அறுபது விழுக்காட்டை ஒட்டியவர்கள் "வேண்டாம், சட்டம் இருக்கட்டும்" என்றார்கள். முதல் தடவையைவிடக் கூடுதல் ஆதரவு.

இத்தனை போராட்டத்துக்குப் பிறகு வந்தது என்ன என்று பாருங்கள். ஃப்ரீமாண்ட்டில் வாடகை வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு வயதுவந்தவரும் காவல் துறையிடம் ஐந்து டாலர் கட்டி ஒரு குடியிருப்பு உரிமம் வாங்க வேண்டும். மூன்று தலைமுறையாக நெப்ராஸ்காவில் விவசாயம் செய்த குடும்பத்துப் பெண்ணும் வாங்க வேண்டும். விண்ணப்பத்தில் பெயர், பிறந்த தேதி, குடியுரிமை எல்லாம் எழுத வேண்டும். குடியுரிமை இல்லாதவர் தன் குடிவரவு எண்ணைத் தரவேண்டும், அல்லது அப்படி ஓர் எண் தன்னிடம் இருப்பதாகத் தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். அதன் பிறகும் உரிமம் கொடுத்தே ஆகவேண்டும். விசாரணை அதற்குப் பின்புதான். காவல் துறை மத்திய அரசின் தரவுத்தளத்தைக் கேட்கும். இவர் சட்டவிரோதமாக இருக்கிறார் என்று அது உறுதியாகச் சொன்னால் மட்டுமே, அவகாசம் கொடுத்து, இன்னொரு முறை சரிபார்த்து, உரிமத்தை ரத்து செய்யலாம். ஆனால் எண்ணே இல்லாத ஒருவரைப் பற்றி அந்தத் தரவுத்தளம் என்ன சொல்லும்? அது பயனாளிகளின் தகுதியைச் சரிபார்க்கக் கட்டப்பட்டது. கோப்பே இல்லாதவரைக் கண்டுபிடிக்க அல்ல. ஆக, ஐந்து டாலர் ஒரு சடங்காகிப்போனது.

வேலை தொடர்பான பகுதி இதைவிட வேடிக்கை. ஊருக்குள் இருக்கும் நிறுவனங்கள் இ-வெரிஃபை என்ற மத்திய அரசுச் சரிபார்ப்பைப் பயன்படுத்தியாக வேண்டும் என்றது சட்டம். எல்லாருடைய பேச்சிலும் இருந்த ஹார்மெல் ஆலையோ நகர எல்லைக்கு வெளியே இருந்தது. ஊர்ச்சட்டம் அதைத் தொடவே தொடாது. முடிதிருத்தும் கடையும் குழாய் பழுதுபார்ப்பவரும்தான் கட்டுப்பட்டார்கள்.

இ-வெரிஃபையின் பல்லும் அவ்வளவு கூர்மையல்ல. 2006 டிசம்பரில் ஸ்விஃப்ட் நிறுவனத்தின் ஆறு இறைச்சி ஆலைகளில் கூட்டாட்சி அதிகாரிகள் சோதனை போட்டு, சுமார் 1,300 பேரைப் பிடித்தார்கள். அந்த ஆறில் ஒன்று நெப்ராஸ்காவின் கிராண்ட் ஐலண்டில் இருந்தது. ஸ்விஃப்ட் நிறுவனம் அப்போதே இ-வெரிஃபையின் முன்னோடித் திட்டத்தில் சேர்ந்திருந்த ஒன்று. பெயரும் சமூகப் பாதுகாப்பு எண்ணும் பொருந்துகின்றனவா என்று கணினி பார்க்கும். அந்தப் பெயருக்கு உரிய ஆள் இவர்தானா என்பதை அது எப்படி அறியும்? பலர் உயிரோடு இருக்கும் இன்னொருவரின் அடையாளத்தில் வேலை பார்த்தார்கள்.

2019இல் ஃப்ரீமாண்ட்டின் தெற்கே காஸ்ட்கோ என்ற பெரும் சில்லறை வணிக நிறுவனத்துக்காக ஒரு மாபெரும் கோழி ஆலை திறந்தது. வாரம் இருபது லட்சம் கோழிகள் என்ற திட்டம். முதலில் பக்கத்துக் கிராமமான நிக்கர்சனில் அமைக்கப் பார்த்து, ஊரார் எதிர்ப்பால் அது 2016இல் கைவிடப்பட்டு, ஃப்ரீமாண்ட்டுக்கு வந்தது. சட்டம் புத்தகத்தில் இருக்க, ஆலை ஆட்களை அழைத்தது. 2020 கணக்கெடுப்பில் ஹிஸ்பானியர் பங்கு 2010ஐ விடக் கூடியிருந்தது. அந்த மூவரின் உழைப்பைக் குடிமை நோக்கில் நான் மதிக்கிறேன். நகராட்சி, மாநில உச்ச நீதிமன்றம், கூட்டாட்சி நீதிமன்றம் என்று எல்லாத் தடையையும் தாண்டிய மனு அது. கொள்கை என்ற வகையில் அது காற்றில் குத்திய குத்து.

ஃப்ரீமாண்ட்டுக்கு வழக்கில் வெற்றியாவது மிஞ்சியது. பென்சில்வேனியாவின் ஹேசல்டனுக்கு அதுவும் இல்லை. 2006 ஜூலையில் அந்த ஊர் இதே போன்ற சட்டத்தை நிறைவேற்றியபோது நாடே திரும்பிப் பார்த்தது. ஆவணமற்றோருக்கு வீடு கொடுக்கும் உரிமையாளருக்கு நாளொன்றுக்கு ஆயிரம் டாலர் அபராதம். மேயர் லூ பார்லெட்டா அந்தப் புகழிலேயே பின்னாளில் காங்கிரஸ் உறுப்பினர் ஆனார். சட்டம் ஒரு நாளும் அமலாகவில்லை. 2007, 2010, 2013 என்று மூன்று தடவை நீதிமன்றங்கள் அடித்தன. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களுக்கு நகரம் 14 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று 2015இல் உத்தரவாயிற்று. டெக்சாஸின் ஃபார்மர்ஸ் பிராஞ்ச் இதே பாதையில் போய், அறுபது லட்சம் டாலருக்கு மேல் இழந்தது. மூன்று ஊர்ச் சட்டங்களுக்குப் பின்னாலும் கிரிஸ் கோபாக் என்ற கான்சாஸ் வழக்கறிஞரின் கை இருந்தது. ஊர்கள் வரிப்பணத்தை இழந்தன, அவர் கான்சாஸின் அட்டர்னி ஜெனரலாக இருக்கிறார்.

இதில் ஒரு விசித்திரம் இன்றுவரை தொடர்கிறது. மூன்றாவது, ஐந்தாவது வட்ட நீதிமன்றங்கள் இத்தகைய வாடகைச் சட்டம் செல்லாது என்றன. எட்டாவது வட்டம் செல்லும் என்றது. உச்ச நீதிமன்றம் 2014இல் மூன்று வழக்குகளையும் எடுக்க மறுத்துவிட்டது. ஆகவே ஒரே வாசகம் நெப்ராஸ்காவில் சட்டம், பென்சில்வேனியாவிலும் டெக்சாஸிலும் வெற்றுத்தாள். உங்கள் ஊரில் யாராவது "ஃப்ரீமாண்ட் ஜெயித்தது, நாமும் ஜெயிப்போம்" என்று சொன்னால், முதலில் உங்கள் மாநிலம் எந்த வட்டத்தில் வருகிறது என்று கேளுங்கள்.

இனி சிறை. இங்கேதான் உள்ளூர்க் குடிமகனின் குரலுக்கு உண்மையான விலை உண்டு.

ஷெரிஃப் என்ற பதவியை நம் ஊர் மாவட்டக் கண்காணிப்பாளரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பெரும்பாலான மாநிலங்களில் அவர் மக்களால் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கப்படுபவர். பல இடங்களில் கவுண்டியின், அதாவது மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவின், சிறை அவர் பொறுப்பு. 1996இல் வந்த ஒரு சட்டப்பிரிவு, அதன் எண்ணை வைத்து 287(ஜி) என்று அழைக்கப்படுவது, மத்திய அரசும் உள்ளூர்க் காவலும் ஒப்பந்தம் போட்டுக்கொள்ள வழிசெய்தது. ஒப்பந்தம் போட்ட சிறையில் பயிற்சி பெற்ற உள்ளூர் அதிகாரியே கைதியின் குடிவரவு நிலையை விசாரித்து, நாடுகடத்தும் நடவடிக்கையைத் தொடங்கிவைக்கலாம். மத்திய அரசு யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஷெரிஃபோ சிறை வாரியமோ விரும்பிக் கையெழுத்திட வேண்டும். விரும்பி விலகவும் செய்யலாம். 2025இல் டிரம்ப் நிர்வாகம் இதை முடுக்கிவிட்டபோது ஒப்பந்தங்களின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. ஒவ்வொன்றிலும் ஓர் உள்ளூர்க் கையெழுத்து இருக்கிறது.

இதில் குடிமக்கள் எப்படி நுழைந்தார்கள் என்பதற்கு வர்ஜீனியாவின் பிரின்ஸ் வில்லியம் கவுண்டியைப் பாருங்கள். வாஷிங்டனிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். வீடு கட்டும் பெருக்கத்தின்போது லத்தீன் அமெரிக்கத் தொழிலாளர்கள் ஏராளமாக அங்கே குடியேறினார்கள். ஒரு குடும்ப வீட்டில் பத்துப் பேர், புல்தரையில் கார்கள், காலையில் கடை வாசலில் கூலி வேலைக்குக் காத்து நிற்கும் கூட்டம் என்று புகார்கள் எழுந்தன. 2007இல் அந்தப் பகுதி ஊரான மனாசஸின் பெயரில் 'ஹெல்ப் சேவ் மனாசஸ்' என்ற குடிமக்கள் அமைப்பு உருவாகி, கவுண்டி மேற்பார்வையாளர் வாரியத்தை நெருக்கியது. அந்த ஜூலையில் வாரியம் ஒரு தீர்மானம் போட்டது: ஒருவர் சட்டவிரோதமாக இருக்கிறார் என்று நம்பத் தக்க காரணம் இருந்தால் காவலர் அவர் நிலையை விசாரிக்க வேண்டும்.

அக்டோபரில் நிதி ஒதுக்கும் கூட்டம். அமெரிக்க உள்ளாட்சிக் கூட்டத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பேச விரும்புகிறவர் பெயர் கொடுத்துவிட்டு வரிசையில் உட்கார வேண்டும். பேசும் மேடையில் விளக்கு வைத்திருப்பார்கள்: பச்சை எரிந்தால் பேசலாம், மஞ்சள் எரிந்தால் முடிக்கத் தயாராக வேண்டும், சிவப்பு எரிந்தால் அரை வாக்கியத்தில் நின்றாலும் நிறுத்தியாக வேண்டும். ஆளுக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம். கோடீஸ்வரருக்கும் அதே மூன்று நிமிடம்தான். அன்று அங்கே நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். "என் தெருவை எனக்குத் திருப்பிக் கொடுங்கள்" என்ற பொருளில் ஒருவர் பேசினால், "என் மகன் இங்கே பிறந்தவன்" என்ற பொருளில் அடுத்தவர் ஸ்பானிஷ் வாடை வீசும் ஆங்கிலத்தில் பேசினார். பகலில் தொடங்கிய கூட்டம் நள்ளிரவைத் தாண்டிப் போனது. விடிவதற்குள் வாரியம் ஒருமனதாக நிதி ஒதுக்கியது.

ஆறே மாதத்தில் நிலைமை மாறியது. காவல் தலைவர் சார்லி டீன் தொடக்கத்திலிருந்தே எச்சரித்திருந்தார்: இனத்தைப் பார்த்து விசாரித்தார்கள் என்ற வழக்குகள் வரும், அதற்குத் தற்காப்பாக ரோந்துக் கார்களில் கேமரா வைக்க வேண்டியிருக்கும். கேமராவுக்கு லட்சக்கணக்கில் செலவு. வீட்டுச் சந்தை சரிந்து வரி வருமானம் வற்றிக்கொண்டிருந்த நேரம். 2008 ஏப்ரல் கடைசியில் வாரியம் விதியை மாற்றியது. தெருவில் சந்தேகப்பட்டு விசாரிப்பது போனது; கைது செய்யப்படுபவர் யாராயிருந்தாலும், வெள்ளையரோ கறுப்பரோ ஹிஸ்பானியரோ, எல்லாருடைய நிலையையும் விசாரிக்க வேண்டும் என்றானது. என் கணிப்பில் இது முதல் வடிவத்தைவிட நியாயமானது, அமலாக்க எளிதானது. போராடியவர்களில் சிலர் இதைப் பின்வாங்கல் என்று திட்டினார்கள்.

பலன் என்ன? 2010இல் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். குடியுரிமை இல்லாதோர் எண்ணிக்கை, சுற்றியிருக்கும் பகுதிகளோடு ஒப்பிட, பிரின்ஸ் வில்லியமில் குறைந்திருந்தது. கைதாகிறவர்களில் ஆவணமற்றோர் சிறுபான்மையே என்பதும் தெரிந்தது. ஆகவே பெரும்பாலான குற்ற வகைகளில் கொள்கையால் பெரிய மாற்றம் தென்படவில்லை. ஹிஸ்பானியர் காவல் துறை மீது வைத்திருந்த நம்பிக்கை சரிந்தது, பிறகு ஓரளவு மீண்டது. அதே காலத்தில் அந்தக் கவுண்டியில் கடன் கட்ட முடியாமல் வங்கிக்குப் போன வீடுகள் ஏராளம். கட்டட வேலை வற்றியது. ஆட்கள் போனதில் எவ்வளவு சட்டத்தால், எவ்வளவு வேலையில்லாமையால் என்று பிரித்துச் சொல்வது கடினம். இரு தரப்பும் தங்களுக்கு வசதியான பாதியை மட்டும் மேற்கோள் காட்டுகின்றன.

2019 தேர்தலில் வாரியத்தின் பெரும்பான்மை கட்சி மாறியது. 2020 ஜூனில் சிறை வாரியம் 287(ஜி) ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டது. இந்த முறை மூன்று நிமிட விளக்கின் முன் நின்று அழுத்தம் கொடுத்தவர்கள் எதிர்த்தரப்புக் குடிமக்கள். கருவி அதேதான், பிடித்த கை வேறு.

சிறையில் ஒப்பந்தத்தைவிடச் சிறிய, ஆனால் அன்றாடம் ஓடும் இன்னொரு விஷயம் உண்டு: தடுப்புக் கோரிக்கை. விடுதலையாக வேண்டிய ஒருவரைக் கூடுதலாக 48 மணி நேரம் வரை வைத்திருங்கள், நாங்கள் வந்து எடுத்துக்கொள்கிறோம் என்று மத்திய குடிவரவுத் துறை சிறைக்கு அனுப்பும் படிவம். நெடுங்காலம் ஷெரிஃப்கள் அதை உத்தரவு என்றே நினைத்திருந்தார்கள். 2014இல் மூன்றாவது வட்ட நீதிமன்றம் அது வெறும் வேண்டுகோள் என்றது. அதே ஆண்டில் ஓரிகனின் கிளாக்கமஸ் கவுண்டி, அந்தப் படிவத்தை மட்டும் நம்பி ஒரு பெண்ணைச் சிறையில் வைத்திருந்தது அரசமைப்புக்கு விரோதம் என்று கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடனே பல ஷெரிஃப்கள் நிறுத்திவிட்டார்கள். கொள்கைப் பற்றினால் அல்ல, நஷ்டஈடு பயத்தினால். கட்டுப்பாடு வேண்டும் என்பவரும் வேண்டாம் என்பவரும் தங்கள் கவுண்டியில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: அந்தப் படிவம் வந்தால் நம் சிறை என்ன செய்கிறது? எழுத்தில் விதி இருக்கிறதா?

சிறைக்கு அடுத்தது காகிதம். ஜார்ஜியாவின் மாரியெட்டாவைச் சேர்ந்த டி.ஏ. கிங் 2005இல் சட்டவிரோதக் குடியேற்றத்தை எதிர்க்கும் ஓர் அமைப்பைத் தொடங்கினார். பதவி எதிலும் இருந்தவர் அல்லர். காப்பீட்டு முகவராக இருந்தவர். ஆவணமற்ற ஓட்டுநர் ஒருவர் ஏற்படுத்திய விபத்தில் இறந்த பதினாறு வயதுப் பையனின் பெயர் அந்த அமைப்புக்கு. பேரணிகளைவிட அவர் அதிகம் நம்பியது சட்டமன்றக் கூடத்தையும் பொது ஆவணச் சட்டத்தையும். நம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வயதில் மூத்த உறவினர் என்று அதைச் சொல்லலாம்.

ஜார்ஜியா 2011இல் நிறைவேற்றிய எச்.பி. 87 சட்டம் பத்துப் பேருக்கு மேல் வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்களைப் படிப்படியாக இ-வெரிஃபைக்குள் கொண்டுவந்தது. தொழில் உரிமம் கேட்கிறவர் அதைப் பயன்படுத்துவதாகப் பிரமாணப் பத்திரம் தரவேண்டும். கூடவே ஏழு பேர் கொண்ட மறுஆய்வு வாரியம் ஒன்றையும் அது உண்டாக்கியது. மாநிலத்தில் பதிவு செய்த எந்த வாக்காளரும், என் நகராட்சியோ கவுண்டியோ இந்தச் சட்டங்களைப் பின்பற்றவில்லை என்று அங்கே புகார் கொடுக்கலாம். ஒரு தனி ஆள் ஒரு நகராட்சியைப் பதில் சொல்ல வைக்கும் வழி. ஆனால் வந்த புகார்களில் மிகப்பெரும்பாலானவை கிங் ஒருவரிடமிருந்தே வந்தன. எட்டு வருடத்தில் வாரியம் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. 2019இல் சட்டமன்றமே அதைக் கலைத்தது. ஆயுதம் கொடுத்தால் ஆயிரம் பேர் எடுப்பார்கள் என்று நினைத்தார்கள், ஒருவர்தான் எடுத்தார்.

காகிதத்தின் பக்கவிளைவையும் சொல்ல வேண்டும். எச்.பி. 87இன் இன்னொரு பிரிவால் தொழில்முறை உரிமம் புதுப்பிக்கும் ஒவ்வொருவரும் சட்டபூர்வ இருப்பை நிரூபிக்க வேண்டியதாயிற்று. 2012இல் அங்கே நர்சுகளின் உரிமப் புதுப்பிப்பு குவிந்து தேங்கியது. பிறந்ததிலிருந்து ஜார்ஜியாவை விட்டு நகராதவர்கள் ஓட்டுநர் உரிமத்தின் நகலை ஃபேக்ஸ் செய்துகொண்டிருந்தார்கள். மறு ஆண்டே விதியைத் தளர்த்தினார்கள்.

இதே ஜார்ஜியாவில் காப் கவுண்டி 2007இலேயே 287(ஜி) ஒப்பந்தம் போட்டிருந்தது. 2020 தேர்தலில் காப், குவின்னெட் என்ற இரண்டு பெரிய கவுண்டிகளிலும் ஒப்பந்தத்தை முடிப்பேன் என்று சொன்னவர்கள் ஷெரிஃப் ஆனார்கள். 2021 ஜனவரியில் முடித்தும் விட்டார்கள். 2024 பிப்ரவரியில் ஏதென்ஸ் நகரில் ஒரு நர்சிங் மாணவி கொல்லப்பட்டார். கைதானவர் வெனிசுலாவிலிருந்து சட்டவிரோதமாக வந்தவர். அந்தக் கோபத்தில் மாநிலச் சட்டமன்றம் எச்.பி. 1105ஐ நிறைவேற்றி, சிறைகள் மத்திய அரசோடு ஒத்துழைப்பதைக் கட்டாயமாக்கியது. உள்ளூர் வாக்காளர் முடிவுசெய்த ஒன்றை மாநிலத் தலைநகர் திருப்பிப்போட்டது. டெக்சாஸ் இதை 2017இலேயே செய்துவிட்டது. அதே ஆண்டில் கலிஃபோர்னியா நேர் எதிர்த்திசையில், ஒத்துழைக்க விரும்பும் ஷெரிஃபின் கையையும் கட்டியது. நீங்கள் எந்தப் பக்கம் இருந்தாலும், பத்து வருடம் முன்பு கவுண்டிக் கூட்டத்தில் நடந்த சண்டை இப்போது மாநிலச் சட்டமன்றத்துக்கு இடம் மாறிவிட்டது. உங்கள் மாநிலச் சட்டம் உள்ளூருக்கு இடம் விட்டிருக்கிறதா என்று பார்க்காமல் கவுண்டியில் போய் நிற்பதில் பொருளில்லை.

மாநில அளவில் குடிமகனிடம் இருக்கும் வலுவான கருவி, சட்டமன்றம் இயற்றியதை மக்கள் வாக்குக்கு இழுப்பது. ஓரிகன் 2013இல் ஆவணமற்றோருக்கு ஓட்டுநர் அட்டை தரச் சட்டம் போட்டது. ஒரு குடிமக்கள் அமைப்பு கையெழுத்துத் திரட்டி அதை 2014 வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தது. 66 விழுக்காட்டினர் சட்டத்தை நிராகரித்தார்கள். அதே தரப்பு தெம்போடு 2018இல், உள்ளூர்க் காவல் குடிவரவு அமலாக்கத்தில் இறங்குவதைக் கட்டுப்படுத்தும் மாநிலத்தின் 1987ஆம் ஆண்டுச் 'சரணாலய'ச் சட்டத்தை ஒழிக்க வாக்கெடுப்பு வைத்தது. இந்த முறை 63 விழுக்காட்டினர் அவர்களைத் தோற்கடித்தார்கள். நாலே வருட இடைவெளி, பெரும்பாலும் அதே வாக்காளர்கள். 2019இல் சட்டமன்றம் ஓட்டுநர் உரிமத்தை வேறு வழியில் கொடுத்தும் விட்டது. மாசசூசெட்ஸில் 2022இல் இதே போல உரிமச் சட்டத்தை எதிர்த்துக் கையெழுத்து திரட்டினார்கள். அங்கே ஏறத்தாழ 54 விழுக்காட்டினர் சட்டம் இருக்கட்டும் என்றார்கள். "மக்கள் எங்கள் பக்கம்" என்று யாராவது மேடையில் முழங்கினால், எந்தக் கேள்விக்கு, எந்த ஆண்டில் என்று கேட்கத் தோன்றும்.

கடைசியாக, கேள்வி கேட்டவர் அமெரிக்காவில் எச்-1பி விசாவிலோ பச்சை அட்டையிலோ இருக்கும் தமிழராக இருந்தால் ஒரு நடைமுறை எச்சரிக்கை. கவுண்டிக் கூட்டத்தில் பேசலாம். பேச்சுரிமைக்குக் குடியுரிமை கேட்பதில்லை. ஷெரிஃபுக்கு எழுதலாம். பொது ஆவணம் கேட்கும் உரிமை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். வர்ஜீனியா தன் மாநிலக் குடிமக்களுக்கு மட்டும் என்று வைத்திருப்பது சரியே என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் கடை வாசலில் ஒருவர் அட்டையும் பேனாவுமாக நின்று "ஒரு கையெழுத்து போடுங்கள்" என்றால் போடாதீர்கள். வாக்கெடுப்பு மனுவில் பதிவு பெற்ற வாக்காளர்தான் கையெழுத்திடலாம். பல இடங்களில் அந்தத் தாளிலேயே அப்படி ஓர் உறுதிமொழி அச்சாகியிருக்கும். அங்கேயே வாக்காளர் பதிவுப் படிவத்தையும் நீட்டுவார்கள். குடியுரிமை இல்லாதவர் அதில் "ஆம், நான் குடிமகன்" என்ற கட்டத்தில் குறியிட்டால், பின்னால் குடியுரிமை நேர்காணலில் அது எழும்; தெரியாமல் செய்தேன் என்ற விளக்கத்தை அதிகாரி ஏற்பார் என்று நம்பி இறங்க வேண்டாம், நாடுகடத்தல் வரை போகக்கூடிய குற்றம் அது.